நம்பிக் கேட்டல்

கச்சேரி வாயிலில் மனுவைக் கையிற் பற்றிக்கொண்டு நிற்பவன் ஒருவன். வீட்டின் அடுக்களை வாயிலில் நின்று தாயிடம் சோறு கேட்கும் சிறுவன் மற்றொருவன். இருவரும் கேட்பவர்களே. ஆயினும் அவர்கள் கேட்கும் முறை ஒன்றன்று. மனுக்காரன், அதிகாரி தன்னை அறிவாரோ அறியாரோ என்று அஞ்சுகிறான். மனுவிற் சொற்குற்றம் உண்டோ என்று மீண்டும் மீண்டும் பார்க்கிறான். தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தையும் தேடிக்கொள்கிறான். சிறுவனுக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. உலையிலுள்ள அரிசி வேகும்வரை பொறுத்திரு என்று தாய் சொல்லலாம். காய்ச்சல் கண்டிருக்கும்போது மாங்காய் கேட்டால் இல்லை என்றும் சொல்லலாம். சிறுவன் அழுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால், இவள் தன் தாய்தானோ என்ற ஐயம் அவனுக்கு எழுவதில்லை. அடுத்த வேளையும் அதே வாயிலில் வந்து நிற்பான்.

கிறித்தவ வாழ்க்கையில் செபம் என்பது இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தது. செபிக்கக் கற்றுத்தருமாறு சீடர்கள் வேண்டியபோது, கடவுளைப் பிதா என்று அழைத்துத் தொடங்கும்படியே இயேசுநாதர் கற்பித்தார். நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்டவனின் உவமையையும், அதனை அடுத்து, மீன் கேட்கும் பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்ற வினாவையும் லூக்கா தமது சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். கேட்பவனின் துணிவு கேட்கப்படுபவரின் இயல்பிலிருந்து பிறக்கிறது என்பதே இவ்விரு பகுதிகளின் கருத்தாகும்.

இந்த நம்பிக்கையை இருவகையார் பிழைபட உணர்கின்றனர். ஒரு சாரார், ஐயமின்றிக் கேட்டால் கேட்டது கேட்டபடியே கிடைக்கும் என்பர். கிடையாதாயின் கேட்டவனது விசுவாசம் குறைவுடையது என்று தீர்ப்பளிப்பர். இதனால், நோயுற்றுச் செபித்தும் குணமடையாத ஒருவன், நோயின் சுமையோடு குற்றவாளி என்ற சுமையையும் சேர்த்துச் சுமக்கிறான். மற்றொரு சாரார், செபம் மனத்துக்கு அமைதி தரும் பயிற்சியே. அதனால் வேறொன்றும் விளைவதில்லை என்பர். இவர்கள் கேட்பதுபோலப் பேசுகிறார்களேயன்றிக் கேட்பதில்லை. முன்னவர் கடவுளைத் தம் ஏவலாளர் ஆக்குகின்றனர். பின்னவர் அவரை ஊமையாக்குகின்றனர். இவ்விரண்டும் அல்லாத மெய்ந்நம்பிக்கை எத்தகையது? இதனை வாதத்தால் விளக்குவதிலும் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவது எளிது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் வாழ்ந்த ஜோர்ஜ் முல்லர் என்பவரின் வாழ்க்கையே அது.

முல்லர் 1805இல் பிரசிய நாட்டிற் பிறந்தவர். அவர் தந்தையார் வரி அறவிடும் உத்தியோகத்தர். தந்தையின் பெட்டியிலிருந்த அரசாங்கப் பணத்தைத் திருடிய சிறுவன் முல்லர். விடுதிகளில் உண்டு உறங்கிக் கூலி கொடாமல் ஓட முயன்று, 16 வயதிற் சிறைவாசமும் கண்டார். மகனைக் குருவாக்கினால் வசதியான வாழ்வு கிடைக்கும் என்று தந்தையார் எண்ணியதால், ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்கச் சேர்ந்தார். 1825ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை மாலையொன்றில், நண்பர் ஒருவருடன் வணிகர் ஒருவரின் இல்லத்தில் நடந்த சிறு செபக் கூட்டத்துக்குச் சென்றார். அங்கே ஒருவர் முழந்தாளிட்டுச் செபித்தார். இறையியல் மாணவரான முல்லர், முழந்தாளிட்டுச் செபிப்பவரை வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டது அன்றுதான். அம்மாலைப் பொழுதே தம் வாழ்வின் திருப்பம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

ஹாலே என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அந்நகரிற் பயின்றவர். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி நிறைவுற்றபோது, அதற்குத் துணைசெய்த அச்செழுத்துக்கள் ஹாலே நகரத்து அன்பர்களின் முயற்சியால் வந்தவை. அவ்வன்பர்களுக்குத் தலைவராய் விளங்கியவர் ஒகஸ்ற் ஹேர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர். அவர் அந்நகரில் நிறுவிய அநாதைச் சிறுவர் இல்லம் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. ஏழை இறையியல் மாணவருக்கென அங்கே விடப்பட்டிருந்த இலவச அறைகளில் முல்லரும் சில காலம் தங்கியிருந்தார். அன்று அவ்வில்லத்தைப் பார்த்த கண்கள் பத்தாண்டுகளுக்குப் பின் அதன் பொருளை உணர்ந்தன.

1829இல் இங்கிலாந்து சென்ற முல்லர், அடுத்த ஆண்டில் மேரி குரோவ்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். சபையிற் பணியாற்றியதற்குக் கிடைத்த நிலையான சம்பளத்தையும் அவ்வாண்டிலேயே விட்டுவிட்டார். 1832இல் பிறிஸ்டல் நகரிற் குடியேறினார். அந்நகரத் தெருக்களிலே பெற்றோரற்ற பிள்ளைகள் பலர் அலைந்தனர். அவர்கள்மீது கொண்ட இரக்கம் மட்டும் அவரைப் பணிக்குத் தூண்டவில்லை. நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்துக் களைத்த தொழிலாளர்களை அவர் சந்திப்பதுண்டு. செபத்துக்கும் வேதவாசிப்புக்கும் சற்று நேரம் ஒதுக்கலாகாதா என்று கேட்டால், உழைப்பைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு உணவளிப்பது எவ்வாறு என்று அவர்கள் விடையிறுப்பர். கடவுள் காப்பார் என்னும் கொள்கை அவர்களின் வாயில் இருந்தது, வாழ்வில் இல்லை. பண்டைக்காலத்துக் கடவுள் இன்றும் உயிரோடிருக்கிறார் என்பதற்குக் கண்ணாற் காணத்தக்க சான்று ஒன்று வேண்டும் என்று முல்லர் எண்ணினார். எவரிடமும் பணம் கேட்காமல், கடவுளிடம் மட்டும் கேட்டு, அநாதைப் பிள்ளைகளை உண்பித்து உடுப்பித்து வளர்க்கக் கூடுமாயின் அதுவே அச்சான்று எனத் துணிந்தார்.

1835 டிசம்பர் 5ஆம் நாள், வாயை அகலத் திறந்து கேட்குமாறு மக்களை ஏவும் எண்பத்தோராம் சங்கீத வசனத்தைப் படித்தபோது, மூன்று காரியங்களைத் தெளிவாகக் கேட்டார். அவை ஒரு வீடு, ஆயிரம் பவுண் பணம், பிள்ளைகளைப் பராமரிக்கத்தக்க ஆட்கள் என்பன. இரண்டு நாட்களின் பின் முதற் கொடை வந்தது. அது ஒரேயொரு ஷில்லிங்! ஆயிரம் பவுணுக்கு இருபதாயிரம் ஷில்லிங் வேண்டும். மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரும். முல்லர் அதனை நன்றியுடன் பதிந்துகொண்டார். பதினெட்டு மாதமும் பத்து நாளும் தினந்தோறும் கேட்டுவந்தார். 1837 யூன் 15இல் ஆயிரம் பவுணும் நிறைந்தது.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒன்று, அவரே தம்மைப்பற்றி ஒளியாமல் எழுதிவைத்தது. வீட்டுக்காகவும் பணத்துக்காகவும் ஊழியருக்காகவும் தளபாடங்களுக்காகவும் அவர் செபித்திருந்தார். 1836 பெப்ரவரி 3ஆம் நாள், பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான விண்ணப்பங்களைப் பெறும் நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. அன்று அவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒரு பிள்ளைக்கேனும் விண்ணப்பம் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் அவருக்கு உண்மை புலனாயிற்று. எல்லாவற்றையும் கேட்ட அவர், பிள்ளைகளைத் தாரும் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அநாதைகள் தாமாகவே வந்துவிடுவர் என்று இருந்துவிட்டார். அன்று மாலை முகங்குப்புற விழுந்து தம் உள்ளத்தை ஆராய்ந்தார். இப்பணி வேண்டாம் என்பதே கடவுளின் சித்தமாயின் அதற்கும் தாம் இசைவதாகச் சொன்னார். பின்னர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்டார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. எளிதாய் நடக்கும் என்று மனிதன் எண்ணும் காரியங்களே அவன் செபத்திலிருந்து விடுபட்டுப்போகின்றன. தன்னால் முடியாததற்குக் கடவுளை அழைப்பதும், முடியும் என்று நினைப்பதற்கு அவரை மறப்பதும் முழு நம்பிக்கை ஆகா.

அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் வில்சன் வீதியிலுள்ள வாடகை வீட்டில் இல்லம் திறக்கப்பட்டது. முதல் இரண்டாண்டுகள் குறைவின்றிக் கழிந்தன. பின்னர் வறுமை வந்தது. 1838ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள், காலையில் இருப்பது மாலைக்குப் போதாத நிலை அடிக்கடி நேர்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள் கையில் ஒன்றும் இல்லை. விற்கக்கூடிய பொருள்களை விற்றுவிடலாமோ என்று ஆலோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அன்று பிற்பகல், இலண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தம் மகள் கொடுத்தனுப்பிய பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். விசாரித்தபோது, அவர் சில நாட்களாகவே இல்லத்துக்கு அடுத்த வீட்டில் தங்கியிருந்தார் என்பது தெரியவந்தது. ஒரு சுவருக்கு அப்பால் பணம் இருந்தது. இப்பால் பிள்ளைகளின் பசிக்காகச் செபம் நடந்தது. முல்லர் இதனை எண்ணித் தாமதத்துக்காக வருந்தவில்லை. உதவி முன்பே ஆயத்தமாய் இருந்தது. கேட்பதை நிறுத்தாதிருக்கப் பழகுவதற்கே அந்நாட்கள் தரப்பட்டன என்று கண்டார்.

இங்கே நேர்மையுள்ள ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பலாம். முல்லர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார். அதைப் படித்தவர்களே பணம் அனுப்பினர். ஆகவே அறிக்கையும் ஒருவகை யாசகமன்றோ என்பதே அவ்வையம். அது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. அறிக்கைகள் அவர் பணியைப் பரப்பின என்பதில் ஐயமில்லை. ஆனால் 1841 டிசம்பரில் நடந்ததையும் சேர்த்து நோக்கவேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கும் அறிக்கைக்கும் உரிய காலம் வந்தபோது இல்லத்தில் பணம் அற்றுப்போயிருந்தது. அந்நேரத்திற் கூட்டம் கூட்டினால், வறுமையைக் கேட்டு இரங்கி மக்கள் கொடுப்பர் என்பது எவருக்கும் தெரிந்ததே. அதனாலேயே முல்லரும் துணைவரும் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தனர். தொடர்ந்த மாதங்கள் அவர்கள் கண்ட மிகக் கடுமையான சோதனைக் காலமாயின. ஆயினும் கடன் வாங்கவில்லை, கதவு தட்டவில்லை, பிள்ளைகள் உணவின்றிப் படுத்த நாளும் இல்லை. நம்பிக்கை என்பது உண்மையா அன்றா என்று அறியவேண்டுமாயின், மறைவழிகளை மூடிவிட்ட பின்னும் அது நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஒருநாட் காலையிற் பிள்ளைகள் வெறும் மேசைமுன் அமர்ந்து நன்றிச்செபம் செய்துகொண்டிருக்க, ரொட்டிக்காரர் கதவைத் தட்டியதும், பால்வண்டி வாயிலில் உடைந்து நின்றதும் ஆகிய கதை கிறித்தவ உலகெங்கும் வழங்குகிறது. கேட்பதற்கு இனிய கதை அது. ஆனால் முல்லரின் சான்றுக்கு அக்கதையிலும் வலிய ஆதாரம் அவருடைய கணக்குப் புத்தகங்களே. வந்த காசு ஒவ்வொன்றும் நாள் குறித்து எழுதப்பட்டது; கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டது. கடவுளை நம்புகிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கடவுளிடமிருந்து வந்த பணம் என்று நம்பியபடியால் ஒரு பென்னியையும் தவறவிட அவர் துணியவில்லை.

செபம் உழைப்புக்குப் பதிலாக வருவதன்று என்பதற்கும் அவர் வாழ்விற் சான்று உண்டு. 1849இல் இல்லம் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டுநிலத்திற் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே முந்நூறு பிள்ளைகள் இருந்தனர். 1857 நவம்பர் மாத இறுதியில், அக்கட்டடத்துக்கு வெப்பமூட்டும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. செங்கற் கட்டை உடைத்தாலன்றி ஒழுகும் இடத்தைக் காண இயலாது. உடைப்பதற்கு நெருப்பை அணைக்கவேண்டும். குளிர்காலம் தொடங்கும் வேளையில் நெருப்பின்றி இருந்தால் குழந்தைகளின் கதி என்ன? முல்லர் வேறு வழிகளை ஆராய்ந்தார், ஒன்றும் பொருந்தவில்லை. ஒரு புதன்கிழமையைக் குறித்துத் தொழிலாளரை ஏற்பாடு செய்தார். நாள் குறித்தபின் கடுங்குளிர் வாடைக்காற்று வீசத் தொடங்கிற்று. அவர் இரண்டு வரங்களைக் கேட்டார். வாடையைத் தென்றலாக மாற்றவேண்டும். நெகேமியாவின் காலத்தில் எருசலேமின் மதிலைக் கட்டிய மக்களுக்கு இருந்தது போன்ற ஊக்கத்தைத் தொழிலாளருக்குத் தரவேண்டும். செவ்வாய் மாலைவரை வாடையே வீசியது. புதனன்று தென்திசைக் காற்று வீசிற்று; நெருப்புத் தேவைப்படாத அளவுக்குக் குளிர் தணிந்தது. அன்றிரவு மேற்பார்வையாளர், ஆட்கள் நேரஞ்செல்லும்வரை வேலைசெய்து மறுநாள் அதிகாலையில் வருவர் என்றார். ஆட்களோ, தாங்கள் இரவு முழுவதும் வேலைசெய்ய விரும்புவதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய முப்பது மணி நேரத்துள் ஒழுக்கு அடைபட்டு நெருப்பு மீண்டும் மூட்டப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்கது காற்று மட்டும் அன்று. காற்றுக்காகச் செபித்தவர் தொழிலாளரை அழைக்காமல் இருந்துவிடவில்லை. தொழிலாளரை அழைத்தவர் அவர்களின் மனத்துக்காகச் செபிக்க மறக்கவுமில்லை. விதைக்காமல் விளைச்சலுக்கு மன்றாடும் கமக்காரனை எவரும் பத்திமான் என்று சொல்லார்.

1870 அளவில் ஆஷ்லி டவுனில் ஐந்து பெருங்கட்டடங்கள் எழுந்து நின்றன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்தது. அவர் வாழ்நாளில் அவ்வில்லங்களில் வளர்ந்தோர் பதினாயிரத்துக்கு அதிகம். அவர் கையினூடாகச் சென்ற தொகை ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பவுண். 1898 மார்ச் 10இல், 92ஆம் வயதில், அவர் மறைந்தபோது அவருடைய சொந்த உடைமைகளின் பெறுமதி இருநூறு பவுணுக்கும் குறைவாகவே இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் இஃது ஒரு வெற்றிக் கதையாகும். அவ்வாறாயின், கேட்டு நின்று கிடையாமற் போனவனுக்கு இதிற் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் முல்லரின் வாழ்க்கையின் மற்றப் பக்கமும் உண்டு. அதுவே நம்பிக்கையின் ஆழத்தைக் காட்டுவது.

1844 நவம்பரில் அவர் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காகச் செபிக்கத் தொடங்கினார். நோயிலும் சுகத்திலும், தரையிலும் கடலிலும், ஒருநாளும் தவறாமல் செபித்தார். பதினெட்டு மாதத்தின் பின் ஒருவர் திரும்பினார். மேலும் ஐந்தாண்டு சென்று இரண்டாமவர். அதன்பின் ஆறாண்டு சென்று மூன்றாமவர். எஞ்சிய இருவரும் திரும்பவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின்னும் அவ்விருவருக்காகத் தாம் செபித்துக்கொண்டிருப்பதாக அவரே கூறினார். கொதிகலனுக்கு முப்பது மணி நேரத்திற் கிடைத்த விடை, ஒரு மனிதனின் உள்ளத்துக்கு முப்பத்தாறு ஆண்டிற் கிடைக்கவில்லை. இருந்தும் முல்லர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

அவருடைய குடும்பத்திலும் இவ்வாறே. அவர் அநாதை இல்லத்தைப் பற்றி எண்ணத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1835 யூன் மாதத்தில், அவருடைய ஆண்குழந்தை இறந்தது. 1853இல் ஒரே மகளான லீடியா கடுங்காய்ச்சலாற் சாவின் வாயிலை எட்டினாள். பெற்றோர் மன்றாடினர், மகள் பிழைத்தாள். 1870 பெப்ரவரியில் மனைவியார் மேரி நோயுற்றார். முப்பத்தொன்பது ஆண்டுகள் அவருடைய செபத்திலும் கணக்கிலும் தையற்கூடத்திலும் பங்குகொண்ட துணைவி அவர். அதே வாயால் அதே கடவுளை நோக்கி முல்லர் செபித்தார். மனைவியார் பெப்ரவரி 6ஆம் நாள் இறந்தார்.

அடக்க ஆராதனையை முல்லரே நடத்தினார். கடவுள் நல்லவர், நன்மையே செய்பவர் என்று அறிக்கையிடும் 119ஆம் சங்கீத வசனமொன்றை எடுத்துக்கொண்டு, மூன்று பிரிவுகளாக ஒரு பிரசங்கம் செய்தார். மேரியைத் தமக்குத் தந்ததில் கடவுள் நல்லவராயிருந்தார். அத்துணைக் காலம் தம்மிடம் விட்டுவைத்ததில் நல்லவராயிருந்தார். எடுத்துக்கொண்டதிலும் நல்லவராயிருந்தார் என்பன அப்பிரிவுகள். முதலிரண்டையும் எவரும் சொல்லலாம். மூன்றாவதைச் சொல்வதற்கு முப்பத்தைந்து ஆண்டுச் செபப் பழக்கம் வேண்டியிருந்தது. அநாதைகளுக்கு அப்பம் வந்த நாளிலும், தம் வீட்டிலிருந்து பிரேதம் சென்ற நாளிலும் அவர் நம்பியது ஒருவரையே. கொடையை நம்பியிருந்தால் 1870இல் அந்நம்பிக்கை இறந்திருக்கும். கொடுப்பவரை நம்பியபடியால் அது நின்றது.

வேதாகமத்திலும் இதுவே காணப்படுகிறது. தம் உடலில் இருந்த முள்ளை நீக்குமாறு பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. எரிகிற சூளையின்முன் நின்ற மூன்று எபிரெய வாலிபர்கள், தம் கடவுள் தம்மை விடுவிக்க வல்லவர் என்று அரசனுக்குச் சொன்னார்கள். விடுவிக்காமற் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்று உடனே சேர்த்துச் சொன்னார்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசுநாதரே, பாத்திரம் நீங்கவேண்டும் என்று தம் விருப்பத்தை மறையாது கேட்டார். பிதாவின் சித்தத்தையே முடிவாக ஏற்றார். விருப்பத்தைச் சொல்லாமல் விழுங்குவது பணிவு அன்று. சொன்னபின் பிடிவாதம் செய்வது நம்பிக்கையும் அன்று.

தமிழ் நாட்டுக்கு அணித்தாயுள்ள சான்றும் ஒன்று உண்டு. அயர்லாந்திற் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1894இல் சில காலம் இலங்கையிற் பணிபுரிந்து, அடுத்த ஆண்டு இந்தியா சென்றவர். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், ஆபத்துக்குள்ளான பெண்குழந்தைகளுக்கு அவர் அமைத்த இல்லமும், முல்லரின் இல்லம்போலவே, எவரிடமும் பணம் கேளாமல் நடந்தது. சிறுமியாய் இருந்தபோது தம் கபிலநிறக் கண்களை நீலநிறமாக்குமாறு அவர் செபித்தாராம். காலையில் கண்ணாடியிற் பார்த்தபோது கண்கள் மாறவில்லை. பிற்காலத்தில் சேலை உடுத்துத் தமிழ்ப்பெண்களிடையே வேற்றாள் என்று தோன்றாமற் செல்வதற்கு அக்கண்களே உதவின. ஆனால் அவருடைய பிற்கால அனுபவம் இத்துணை எளிதில் விளக்கத்தக்கது அன்று. 1931 ஒக்ரோபரில் ஒரு குழியில் விழுந்து காலொடிந்த அவர், 1951 சனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே நோவுடன் கிடந்தார். குணமடைய வேண்டுமென்று பலர் செபித்தனர். குணம் வரவில்லை. அவ்வறையிலிருந்து நூல்கள் பல வந்தன. அவற்றைப் படித்து நோயாளிகள் பலர் ஆறுதல் பெற்றனர். அதற்காகவே நோய் வந்தது என்று பிறர் சொல்லிவிடுதல் எளிது. படுத்திருந்தவர் அன்றாடம் அதனை ஏற்றுக்கொண்டதே பெரிது.

முல்லரின் முறை எல்லாருக்கும் விதிக்கப்பட்ட சட்டமன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். எருசலேமிலிருந்த ஏழைகளுக்காகப் பவுல் சபைகளிடம் வெளிப்படையாகவே பணம் திரட்டினார். சம்பளத்துக்கு உழைப்பவரும், நல்ல காரியத்துக்கு நன்கொடை கேட்பவரும் விசுவாசம் குறைந்தவர் ஆகார். முல்லர் ஒரு பணிக்காக ஒரு வழியைத் தெரிந்துகொண்டார். அவ்வழியைப் பார்த்துச் செய்பவன் அவரைப் பின்பற்றியவன் ஆகமாட்டான்; அவர் நம்பியவரை நம்பித் தன் கடமையைச் செய்பவனே அவரைப் பின்பற்றுபவன்.

அன்றாட வாழ்வில் இவ்வாறு செபிப்பது எவ்வாறு? முல்லரின் பழக்கத்திலிருந்து சில பாடங்களைப் பெறலாம். அவர் பொதுப்பட வேண்டிக்கொள்வதில்லை. இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். எல்லாரையும் ஆசீர்வதியும் என்னும் செபத்துக்கு விடை வந்ததா இல்லையா என்பதை எவராலும் அறிய முடியாது. மகனின் பரீட்சை, அயலவரோடுள்ள எல்லைப் பிணக்கு, மருத்துவர் சொல்லப்போகும் செய்தி ஆகிய இவற்றைப் பெயர்சொல்லிக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அடுத்து, கேட்பது கடவுளின் சித்தத்துக்கு ஏற்றதோ என்று அவர் வேதத்தைத் திறந்துவைத்து ஆராய்ந்தார். அயலவன் கெடவேண்டும் என்ற விருப்பம் அந்த ஆராய்ச்சியில் தானாகவே உதிர்ந்துபோம். தெரிந்த பாவத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு அதே கையை நீட்டிக் கேட்கலாகாது என்பதும் அவர் கொள்கை. இறுதியாக, விடை தாமதித்தால் அவர் கேள்வியை மாற்றவில்லை, கேட்பதையும் நிறுத்தவில்லை.

நம்பிக்கை முழுமையாக அமைந்தபின்னரே செபிக்கத் தொடங்கவேண்டும் என்று எண்ணி எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. வலிப்பு நோயுற்ற மகனை இயேசுநாதரிடம் கொண்டுவந்த தகப்பன் ஒருவனை மாற்கு காட்டுகிறார். தனக்கு விசுவாசம் உண்டு என்றும், தன் அவிசுவாசத்துக்கு உதவி வேண்டும் என்றும் அவன் ஒரே மூச்சிற் கண்ணீரோடு சொன்னான். அரைகுறையான அந்த விசுவாசத்தை நாதர் தள்ளிவிடவில்லை, மகன் குணம்பெற்றான். முல்லரும் ஒரு ஷில்லிங்கிலிருந்தே தொடங்கினார். சிறு காரியத்தில் நம்பிக் கேட்டுப் பழகியவனுக்கே பெரிய துன்பத்தில் நம்பி நிற்கும் வலிமை உண்டாகும். பிணியும் பிரிவும் வந்தபின் அதனைத் தேடிக்கொள்ளலாம் என்பது, வெள்ளம் வந்தபின் அணைகட்டுவது போலாகும்.

ஆஷ்லி டவுனிலுள்ள அக்கட்டடங்களில் இப்பொழுது அநாதைப் பிள்ளைகள் இல்லை. அவை வேறு பயன்களுக்காயின. ஆனால், இன்றிரவும் எத்தனையோ வீடுகளில், நோயாளியின் கட்டிலருகிலோ வெறும் பானையின் அருகிலோ ஒருவர் முழந்தாளிடுவார். கேட்டது கிடைக்குமோ என்பது அவருக்குத் தெரியாது. கேட்கப்படுபவர் யார் என்பது தெரியுமாயின், அவர் நாளைக்கும் அங்கேயே வந்து கேட்பார்.